பொன்னாத்தாள் அடுக்கு

காமயகவுண்டன்பட்டிக்கு முதன்முதலில் ஒலிபெருக்கி வந்தது என் பெரியப்பா மகன் மலைச்சாமி அண்ணன் புண்ணியத்தில்தான். அறுபத்திரண்டாம் வருஷம். வீட்டுக்குப் பின்னால் நின்ற தென்னையின் உச்சியில் அகன்ற வாயுள்ள ஹாரன் ஒன்றைக் கட்டி, முதல் இசைத்தட்டில் அவர் ஊசியை வைத்தபோது, அந்த மரம் இருந்த குரும்பையை எல்லாம் ஒரே மூச்சில் உதிர்த்துவிட்டது. பாட்டு கிழக்கே போய் மேகமலையில் முட்டி, அங்கே தேயிலை கிள்ளுகிறவர்கள் கேட்டு முடித்த பிறகு திரும்பி வந்து எங்களுக்கு இரண்டாம் தடவை கேட்டது. நம்பாதவர்கள் கம்பத்தில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். அவர்களுக்கும் நான்தான் சொல்லியிருக்கிறேன்.

ஊர் அவரை ரேடியோசெட் மலைச்சாமி என்றது. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கோயில் பொங்கல் எதுவானாலும் மாட்டுவண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அண்ணன் கிளம்பிவிடுவார். பந்தலுக்குப் பின்னால் நாற்காலி போட்டு, கால்மேல் கால் போட்டு, கலெக்டர் மாதிரி உட்கார்ந்திருப்பார். ஆனால் பாட்டு அவருடையது இல்லை. அது என் மதினி பொன்னாத்தாளுடையது.

விசேஷத்துக்கு முந்தின நாள் மதினி தகரப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவாள். எந்த வீடு, என்ன விசேஷம், அந்த வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை, எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு தட்டாக எடுத்து முந்தானையால் துடைத்து, எது முதலில், எதற்குப் பிறகு எது என்று அடுக்குவாள். மேலே இருப்பதை எடுத்துப் போடுவது மட்டும்தான் அண்ணன் வேலை.

"பிள்ளையார் பாட்டு முடிஞ்ச கையோட காதல் பாட்டப் போட்டா சாமிக்குக் கூச்சமா இருக்காதா? நடுவுல ஒரு முருகன் வேணும்" என்பாள்.

இதற்கு அடுக்கு என்று பேர். வெற்றிலை பாக்கோடு வருகிறவர்களே, "மலைச்சாமி, நம்ம வீட்டுக்குப் பொன்னாத்தா அடுக்குத்தான் வேணும்ப்பா" என்று கேட்கும் அளவுக்கு அது பேர் வாங்கியது.

அந்த அடுக்குக்குள் அவள் தன் மனசையும் நைசாகச் செருகிவிடுவாள். அண்ணன் குடித்துவிட்டு வந்த வாரம், பக்கத்து ஊர்க் கல்யாணத்தில், எல்லாரும் சந்தனம் பூசிக்கொண்டிருக்கும் நேரத்தில், குடிகாரப் புருஷனைத் திட்டும் பாட்டு ஒன்று வந்து விழும். பெண் வீட்டார் பதறிப்போய் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். அண்ணன் மட்டும் தரையைப் பார்ப்பார். இன்னொரு வீட்டில், மனசில்லாத பெண்ணைத் தாய்மாமனுக்குக் கட்டிவைத்தார்கள். தாலிப் பாட்டுக்கு அடுத்தது கூண்டுக் கிளியைப் பற்றிய பாட்டு. குனிந்த தலையோடு இருந்த அந்தப் பெண் நிமிர்ந்து, மரத்தில் இருந்த ஹாரனைப் பார்த்தாளாம், தன் பேரைச் சொல்லி யாரோ கூப்பிட்டது போல.

"ஏன் மதினி, அடுத்தவுக வீட்டு விசேஷத்துல உன் மனச எதுக்குப் போடுற?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எனக்கு வேற எங்கன போட எடமிருக்கு, டீச்சரு?" என்றாள்.

நான் அப்போது உத்தமபாளையத்தில் தங்கிப் பள்ளிக்கூட வேலையில் இருந்தேன்; லீவு நாளில் ஊருக்கு வந்துவிடுவேன். 'டீச்சரு' என்று மற்றவர்கள் மரியாதையாகச் சொல்வார்கள். அவள் சொன்னால் அதில் ஒரு கிள்ளு இருக்கும்.

அந்த வீட்டில் இன்னொரு பெட்டியும் இருந்தது. எழவுப் பெட்டி. நாலு பேர் தூக்கிப் போவதையும், வந்தது போவதையும், காயம் பொய் என்பதையும் பாடும் தட்டுகள் அதற்குள் இருந்தன. அதை வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். மாட்டுத் தொழுவத்துப் பரணில் கிடக்கும். வேறு எந்தத் தட்டையும் வீட்டு ஹாரனில் போட்டுப் பார்க்கலாம். எழவுப் பெட்டித் தட்டைத் தன் வீட்டில் யாரும் போட மாட்டார்கள். அந்தப் பாட்டு ஒரு வீட்டிலிருந்து கேட்டால் அங்கே ஒரு உயிர் போய்விட்டது என்று அர்த்தம். தோட்டத்தில் இருப்பவர்கள் மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு வருவார்கள்.

மதினிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் முத்துவீரன், அடுத்தவள் பூமாரி. பூமாரியை அணைப்பட்டியில் ஒரு வீட்டில் கொடுத்து, அந்த வீட்டுப் பெண்ணை முத்துவீரனுக்கு எடுப்பதாகப் பேச்சு முடிந்திருந்தது. இரண்டு கல்யாணமும் ஒரே பந்தலில். முத்துவீரனுக்கு அந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. காரணமே இல்லாமல் சைக்கிளை அந்தத் தெருப் பக்கம் ஓட்டிக்கொண்டு திரிந்தான். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பூமாரி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த சின்னச்சாமியோடு போய்விட்டாள். எழுபத்தெட்டாம் வருஷம். அண்ணன்காரன் கல்யாணமும் அதோடு போயிற்று. அந்தப் பெண்ணை வேறு ஊரில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். முத்துவீரன் அதற்குப் பிறகு பெண் பார்க்கச் சம்மதிக்கவே இல்லை.

மலைச்சாமி அண்ணன் வாசலில் நின்று ஊர் கேட்கச் சொன்னார்: "இனி அவ இந்தப் படியேறுனா அது எழவுக்குத்தான். வேற எதுக்கும் வரக் கூடாது."

எங்கள் பக்கத்தில் இது வெறும் கோபப் பேச்சு இல்லை. பேச்சு அறுந்த வீடுகளுக்குள் நல்லது எதற்கும் போக்குவரத்து கிடையாது. சாவுக்கு மட்டும் வரலாம். வந்தாலும் கை நனைக்கக் கூடாது; அழுதுவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட வேண்டும்.

வாய்க்கால் பாலத்தைச் சுற்றிப் போனால் அரை மணி நேர நடை. மதினி வீட்டு மச்சிலிருந்து பார்த்தால் திராட்சைப் பந்தலும் சின்னச்சாமியின் தோட்டத்து வீடும் தெரியும். அதில் அசைவது பூமாரியா, காயப்போட்ட சேலையா என்று சொல்ல முடியாத தூரம்.

மூன்று வருஷம் கழித்து மஞ்சள்காமாலையில் அண்ணன் போய்ச் சேர்ந்தார். எழவுப் பெட்டியை முத்துவீரன் இறக்கினான். இரண்டாவது பாட்டு ஓடும்போதே பூமாரி வந்துவிட்டாள். அப்பன் காலைப் பிடித்து அழுதாள். பிறகு ஆத்தாளைக் கட்டிக்கொண்டாள். மூன்று வருஷ அழுகை. பொழுது சாயப் பிணம் எடுத்தார்கள். உதடு வெடித்திருந்தது அவளுக்கு. யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் மதினி என்னிடம் சொன்னது இது: "உங்கண்ணன் செத்ததால எம் மகளப் பாத்தேன். இனி நான் செத்தாத்தான் அவ வருவா. ஆனா, டீச்சரு, அப்ப நான் பாக்க மாட்டேனே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

எண்பத்திமூன்றில் அவளுக்கு நெஞ்சடைப்பு வந்தது. கம்பத்து டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, மாடிப்படி ஏறாதே, உப்பைக் குறை, மனசில் எதையும் வைத்துக்கொள்ளாதே என்றார். முதல் இரண்டையும் வேண்டுமானால் பார்க்கலாம் என்றாள் மதினி.

அந்த வருஷம் ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. முத்துவீரன் புதுச் செட்டை எடுத்துக்கொண்டு சின்னமனூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தான். நான் அடுத்த தெருவில் மாவாட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று தென்னை மரத்து ஹாரனில் எழவுப் பாட்டு.

மாவுக் கையோடு ஓடினேன். நான் மட்டுமா? வயலில் நின்றவர்கள் சேற்றுக் காலோடு வந்தார்கள். கம்பம் போகிற டவுன் பஸ் பாட்டைக் கேட்டதும் தானாகவே நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி மாலை வாங்கப் போனார். ஒப்பாரியில் கெட்டிக்காரியான சங்கிலியம்மாள், தெருமுனையிலேயே முந்தானையை அவிழ்த்துப் போட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, "மருதாணிக் கைக்காரி, மச்சு வீட்டுச் சீமாட்டி, என்ன ஒரு வார்த்த கேக்காம எங்கனடி போயிட்ட" என்று ராகம் போட்டபடி வாசலுக்குள் நுழைந்தாள்.

முற்றத்துக் கட்டிலில் சீமாட்டி உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

சங்கிலியம்மாள் பாதி அடியில் நின்றாள். "சாகலையா நீ?"

"இன்னும் இல்ல. ஒக்காரு, வெத்தல போடு."

"அடிப் பாதகத்தி! தொண்டத் தண்ணி வத்த ரெண்டு தெரு அழுதுட்டு வந்திருக்கேன்!"

"வீணாப் போகாது. கணக்குல வச்சுக்க. பெறகு கழிச்சுக்கலாம்."

யாருக்கும் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. பாட்டை நிறுத்தச் சொன்னார்கள். மதினி நிறுத்தவில்லை. வாய்க்கால் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

பூமாரி பாலத்தைச் சுற்றி வரவில்லை. வாய்க்காலுக்குள் இறங்கி ஏறி, இடுப்புவரை நனைந்து, தலைமயிர் அவிழ்ந்து, வாயில் சத்தமே இல்லாமல் ஓடி வந்தாள். கூட்டம் விலகியது. கட்டிலில் இருந்து மதினி எழுந்து நின்றாள்.

"வந்துட்டியாடி?"

பூமாரி அப்படியே நின்றாள். பிறகு ஆத்தாள் தோளில் படபடவென்று அடித்தாள். அடித்த கையாலேயே கட்டிக்கொண்டாள்.

"ஏன் ஆத்தா? ஏன் ஆத்தா இப்பிடிப் பண்ணுன? ஓடி வரைல எங்கொல நின்னு போச்சு!"

"செத்த பெறகு நீ வந்து பாத்துட்டுப் போயிருவ. நான் எப்படிடி ஒன்னப் பாக்க?"

அதைக் கேட்டுத்தான் சங்கிலியம்மாள் உண்மையாகவே அழுதாள். ராகம் இல்லாமல்.

அந்தக் கட்டிப்பிடிப்பில் மதினி மகள் காதோடு ஒன்று சொன்னாள். பூமாரி எனக்கு இதைச் சொன்னது பின்னாலே. ஆனால் நான் ஒளித்து வைத்துக் கதை சொல்கிற ஆள் இல்லை. மதினி சொன்னது: "தெனமும் வெயில் தாழ ஹாரன்ல பாட்டுப் போடுவேன். அது கேக்குற வரைக்கும் ஆத்தா இருக்கேன்னு அர்த்தம். கேக்கலேன்னா ஓடியா. யாரும் ஆள் விடணும்னு காத்திருக்காத."

முத்துவீரன் சின்னமனூரில் இருந்து வந்ததும் ஆத்தாளோடு பேசவில்லை. எழவுப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டுபோய்ச் சுருளிப்பட்டியில் வேறொரு செட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்தான். மூன்றாம் நாள் சோற்றுத் தட்டைப் பார்த்தபடி சொன்னான்: "அவ எழவுக்கு வந்தா. இங்கன எழவு இல்ல. அதனால அவ வரவே இல்ல."

"சரிப்பா, வரல" என்றாள் மதினி. "ஊருக்குள்ள ஒத்த ஆளு மட்டும் நனைஞ்ச சேலையோட நின்னுச்சே, அது யாரோ."

அந்த வாரமே என்னைக் கூட்டிக்கொண்டு கம்பம் போனாள். அங்கே ஏசுதாசன் என்று ஒருவர் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தார். வெற்றுக் கேசட்டில் நாம் கேட்கிற பாட்டைப் பதிந்து தருவார். கல்யாணத்துக்கு, கோயிலுக்கு, மலையாளத்துக்காரர்களுக்கு என்று சுவர் முழுக்கக் கேசட் அடுக்கியிருந்தது.

"என்ன விசேஷத்துக்கு ஆத்தா?"

"விசேஷம் ஒண்ணும் இல்ல."

"கோயிலுக்கா?"

"இல்ல."

"யாருக்குங்க, பின்ன?"

"எனக்கு."

ஏசுதாசன் என்னைப் பார்த்தார். கடை திறந்த நாளாக இப்படி ஒருத்தி சொல்லிக் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "ஒரு விசேஷமும் இல்லாமலா ஆத்தா பாட்டுப் பதிவாக?"

"நான் இருக்கேன்ல? அது விசேஷந்தேன்."

பாட்டுகளைச் சொன்னாள். முதலில் ஒரு தாலாட்டு; பூமாரி அம்மை போட்டுக் கிடந்தபோது அவள் வாயால் பாடிப் பாடி மெட்டையே மாற்றிவிட்ட பாட்டு. அடுத்து, அண்ணன் அந்தக் காலத்தில் அவளைப் பார்த்துக்கொண்டே விசில் அடித்த பாட்டு. ஆற்றில் ஓடம் போகிற பாட்டு ஒன்று. ஒரு நையாண்டிப் பாட்டு. முருகன் ஒன்று. குடிகாரப் புருஷனைத் திட்டுகிற அதே பாட்டு. "அது இல்லாம உங்கண்ணன் எப்படி முழுசா வருவாக?" என்று என்னிடம் கண்ணடித்தாள். கல்யாணப் பாட்டு ஒன்றுகூட வேண்டாம் என்றாள். முத்துவீரனுக்காக என்று நினைக்கிறேன். அவன் கேட்கிற மாதிரிதானே போட வேண்டும்.

"அறுபது நிமிசத்துல இம்புட்டும் பிடிக்காது ஆத்தா. ரெண்ட எடுக்கணும்" என்றார் ஏசுதாசன்.

அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். சாகக் கிடக்கிற மாட்டை விற்பவள் போல முகம் வைத்துக்கொண்டு இரண்டை எடுத்தாள். "எதுக்கு அடுத்து எது வரணும்ங்கறத மட்டும் மாத்திராதீக. மாத்துனா அது நான் இல்ல."

அன்றிலிருந்து வெயில் தாழ, மதினி வீட்டு ஹாரனில் அந்தக் கேசட்டின் ஒரு பக்கம் ஓடும். ஆம்ப்ளிபயர் பெட்டி ஈரம் ஏறாமல் இருக்க வேண்டும் என்றால் தினமும் ஓட்ட வேண்டும் என்று மகனிடம் சொல்லிவைத்தாள். அவனும் தொழில்காரன்தானே, நம்பினான். இல்லை, நம்பியதுபோல இருந்தான். ஊரும் பழகிவிட்டது. ஓடப் பாட்டு வந்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார்கள். நையாண்டிப் பாட்டு வந்தால் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்துகொண்டிருக்கும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பந்தலுக்கு அடியில் நின்று கொடியை ஒதுக்கிக்கொண்டே பூமாரி கேட்பாள். தாலாட்டு தொடங்கியதும் ஒரு பெருமூச்சு விடுவாளாம். இன்றைய பொழுது போயிற்று, ஆத்தா இருக்கிறாள்.

ஒரு நாள் காலையிலிருந்து கரண்டு இல்லை. பேட்டரியும் வெளியூர் போயிருந்தது. வெயில் தாழ்ந்தும் பாட்டு வரவில்லை. பூமாரி போட்டது போட்டபடி வாய்க்கால் கரைக்கு ஓடி வந்துவிட்டாள். டாக்டர் ஏறக் கூடாது என்ற மச்சுப்படியில் மதினி ஏறி நின்று, சிவப்புத் துண்டு ஒன்றைத் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் காட்டியிருக்கிறாள். இவள் அங்கே, அவள் இங்கே. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இருவரும் திரும்பிவிட்டார்கள். மச்சில் நின்று துண்டு சுற்றியது எதற்கு என்று நான் கேட்டதற்கு, "காக்கா" என்றாள்.

எண்பத்திநான்கு மாசியில், விடிகாலை மாட்டுக்குத் தீனி வைக்கப் போனவள் தொழுவத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முத்துவீரன் போய்ப் பார்த்தபோது கை சில்லிட்டிருந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். சேதி வந்து, பஸ் பிடித்து ஊர் சேர மத்தியானம் தாண்டிவிட்டது. பஸ்ஸைவிட்டு இறங்கியதும் காதில் விழுந்தது அந்தத் தாலாட்டு. ஒரு நொடி எனக்கே மனசு லேசானது. யாரோ தப்பாகச் சொல்லிவிட்டார்கள், இதோ மதினி பாட்டுப் போட்டிருக்கிறாள் என்று. அந்த ஒரு நொடியை நான் இன்றுவரை மறக்கவில்லை.

உள்ளே, எங்கள் பக்கத்துச் சாவு வழக்கப்படி, நாற்காலியில் அவளை உட்கார வைத்திருந்தார்கள். முத்துவீரன் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரு பக்கம் முடிந்ததும் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான். பெரியவர்கள் அவனிடம் பேசிப் பார்த்து ஓய்ந்திருந்தார்கள்.

"எழவு வீட்டுல நையாண்டிப் பாட்டாடா? சுருளிப்பட்டியில போயி அந்தப் பெட்டிய வாங்கிட்டு வாங்கடா, யாராச்சும்."

"வேணாம் சித்தப்பா. ஊருக்கெல்லாம் எங்காத்தா அடுக்கிக் கொடுத்தா. அவளுக்குன்னு அடுக்குனது இது ஒண்ணுதான். இன்னிக்கு இதுதான் ஓடும். கொட்டும் வேணாம்."

சுற்றுப்பட்டுக்கெல்லாம் கேதம் சொல்ல, அதாவது சாவுச் சேதி சொல்ல, ஆள் போயிருந்தது. பேச்சு அறுந்த வீட்டுக்கு ஆள் அனுப்பும் வழக்கம் இல்லை. அது வீட்டு மூத்தவன் வாய் திறந்து சொன்னால்தான். நான் அவன் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"பூமாரிக்குச் சொன்னாகளாடா?"

"காலையில இருந்து ஹாரன் கத்துது அத்த." அவன் கண் சிவந்திருந்தது. "ஆத்தா சாயங்காலம் ஒரு பக்கந்தான் போடும். இன்னிக்கு விடிஞ்சதுல இருந்து ரெண்டு பக்கமும் ஓடுது. அவளுக்குப் புரிய வேணாமா? அன்னைக்கு வாய்க்கால்ல விழுந்தடிச்சு வந்தவதானே? வரட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். தண்ணிகூடக் குடுக்கச் சொல்லியிருக்கேன்."

சொம்பு நிறையத் தண்ணீர் வாசல் ஓரத்தில் மூடி வைத்திருந்தது.

நேரம் போயிற்று. எடுக்க வேண்டும் என்று நெருக்கினார்கள். அவன், இன்னும் கொஞ்சம், இந்தப் பக்கம் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே இருந்தான். மூன்று மணிக்கு மேல் ஒரு தடவை வாசலுக்குப் போய் வாய்க்கால் பக்கம் பார்த்துவிட்டு வந்தான். "சரி, அவளுக்கு மனசில்ல. எடுங்க" என்றான். கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினான். வேட்டுப் போட்டார்கள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அன்றைக்குப் பன்னீர் திராட்சை வெட்டு. சின்னச்சாமி முந்தின லோடோடு கோட்டயம் போயிருந்தான். வெட்டுகிற பெண்கள் எல்லாரும் ஓடைப்பட்டியில் இருந்து வந்தவர்கள். எங்கள் ஊர் ஆள் ஒருத்தரும் இல்லை. அடுத்த லாரி கூடைகளுக்காகக் காத்து நின்றது. பூமாரி கையில் கத்தரியோடு பந்தலுக்குள் இருந்தாள். காலையிலேயே பாட்டுக் கேட்டதும் அவளுக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது. மச்சிலிருந்து லாரி தெரியும். இன்றைக்கு வெட்டு என்று ஆத்தாளுக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் வழக்கத்துக்கு மாறாகக் காலையிலேயே எனக்காகப் போடுகிறாள், அதுவும் இரண்டு பக்கமும், திரும்பத் திரும்ப என்று நினைத்துக்கொண்டாள்.

வெட்டுகாரப் பெண்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்: "எங்காத்தா போடுற பாட்டு. கேளுங்க, இதுக்கடுத்து ஓடப் பாட்டு வரும்."

வந்தது. அவர்களும் சேர்ந்து பாடிக்கொண்டு குலை வெட்டினார்கள்.

பாட்டு நின்றதும் அவள் கை நின்றது. பக்கம் திருப்புகிறாள் என்று நினைத்து ஒரு மூச்சு நேரம் காத்திருந்தாள். வேட்டுச் சத்தம் கேட்டது.

பெண்கள் மயானத்துக்குப் போகும் வழக்கம் இல்லை. ஊர் முக்குவரை போய், அங்கே பாடையை மூன்று முறை சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவோம். நாங்கள் திரும்பிக்கொண்டிருந்தபோது எதிரே ஓடி வந்தாள். சங்கிலியம்மாள்தான் முதலில் பார்த்தாள். கையில் கத்தரி, விரலெல்லாம் திராட்சைக் கறை, வாய்க்கால் தண்ணீர் சொட்டும் சேலை.

"பாட்டு இப்பத்தான் நின்னுச்சு அத்த" என்றாள் என்னிடம், யாரோ பொய் சொல்கிறார்கள் என்று நிரூபிப்பவள் போல. "நின்ன ஒடனே வந்துட்டேன். ஆத்தா அப்பிடித்தான் சொல்லுச்சு. நின்ன ஒடனே வந்துட்டேன்."

முக்குக்கு அப்பால் தென்னந்தோப்பு வளைவில் பாடை திரும்பிவிட்டது. தூக்கியவர்களின் தலைப்பாகை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. அவள் அந்தப் பக்கம் போகப் பார்த்தாள். சங்கிலியம்மாள் குறுக்கே நின்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கூடாதுடி. அங்கன பொம்பள போகக் கூடாதுடி, எந்தங்கம்."

வழியிலேயே, விட்டு விட்டு, எனக்கு எல்லாம் சொன்னாள். ஆத்தாள் காதோடு சொன்னது, தினமும் கேட்டது, சிவப்புத் துண்டு, காலையிலிருந்து கூடவே பாடியது. "நான் கூடவே பாடினேன் அத்த" என்று அதை மட்டும் இரண்டு மூன்று தடவை சொன்னாள்.

முத்துவீரன் கொள்ளி வைத்து, மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாகத் திரும்பி வந்தபோது அவள் வாசலுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அவன் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தபடி நின்றான். கோபம் இருக்கும் என்று நான் பயந்தேன். கோபம் இருந்தது, ஆனால் அழுகைக்கு அடியில்.

"ஏன் வரல நீ? ஒனக்காகத்தான் இம்புட்டு நேரம் வச்சிருந்தேன். எடுக்கச் சொல்லி ஊரே கத்துச்சு. நீ வருவ வருவன்னுதான் பாட்ட நிறுத்தாமப் போட்டேன்."

பூமாரி தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"நீ நிறுத்தியிருந்தா வந்திருப்பேனே, அண்ணே."

அவனுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தான். நான் சொல்ல வேண்டியிருந்தது. என் ஆயுசில் எத்தனையோ பிள்ளைகளுக்கு எத்தனையோ பாடம் சொல்லியிருக்கிறேன். இப்படி ஒன்றை யாருக்கும் சொன்னதில்லை. பாதி சொன்னதுமே அவன் கையை உயர்த்தி, போதும் என்பதுபோல என்னை நிறுத்தினான். மெதுவாக அவளுக்குப் பக்கத்தில், அதே மண்ணில், உட்கார்ந்தான்.

"உள்ள வா தாயி" என்றான்.

"யாரப் பாக்க?" என்றாள்.

தோட்டத்தில் லாரிக்காரர் ஹாரன் அடிப்பது கேட்டது. வெட்டிய பழம் வெயிலில் கிடந்தால் வதங்கிவிடும். அவள் எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, வாய்க்கால் பக்கம் நடந்தாள். முத்துவீரன் கொஞ்ச தூரம் பின்னாலேயே போனான். அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை, அவனைப் போ என்று சொல்லவும் இல்லை. கரை வந்ததும் அவன் முதலில் தண்ணீரில் இறங்கி, அவள் இறங்குவதற்குக் கையை நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள்.